இயங்குதளச் சான்றிதழ்த் தேர்வும் பாடநூல் தேர்வும்

முன்னுரை

கணிப்பொறித் துறையில் பட்டம் பெறுவது ஒன்று. அத்துறையின் குறிப்பிட்ட பணியொன்றைச் செய்ய வல்லவர் எனச் சான்று பெறுவது மற்றொன்று. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. சான்றிதழைப் பெரும்பாலும் அத்துறையைச் சார்ந்த நிறுவனங்களே தேர்வு நடத்தி வழங்குகின்றன. சென்னை, பெங்களூரு தொடங்கி வளைகுடா நாடுகள் வரை கணிப்பொறிப் பணிக்கு ஆள் எடுப்போர் பலர் இன்று பட்டத்தோடு சான்றிதழையும் கேட்கின்றனர். ஆதலின் நம் மாணவர்கள் பலர் இத்தேர்வுகளை நாடுகின்றனர்.

இத்தேர்வுகளின் கட்டணம் சிறிதன்று. பெரும்பாலான தேர்வுகளில் ஒருமுறை தவறினால் மறுமுறையும் கட்டணம் செலுத்த வேண்டும். நம் மாணவர் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். அவர்கள் வீட்டில் தேர்வுக் கட்டணம் என்பது தாயாரின் சேமிப்பாகவோ, அயல்நாட்டில் உழைக்கும் தமையன் அனுப்பிய பணமாகவோ இருக்கும். அத்தகைய பணத்தைக் கட்டியபின், காலங்கடந்த நூலைப் படித்துவிட்டுத் தேர்வறையில் திகைத்து நிற்கும் நிலை எவர்க்கும் நேரக்கூடாது. எந்த நூலைப் படிப்பது, எதைத் தள்ளுவது என்னும் வினா அதனால்தான் முதன்மை பெறுகிறது.

கணிப்பொறி பற்றித் தமிழாசிரியன் எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நூலின் இலக்கணம் இன்னது, அதன் குற்றம் இன்னது, குணம் இன்னது என்று வகுத்துக் காட்டுவது தமிழ் மரபில் நெடுங்காலமாக நடந்துவரும் பணியாகும். 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துள்ளார். நூலைக் கற்பிக்கும் முறையையும் கற்கும் முறையையும் தனித்தனியே கூறியுள்ளார். அந்த அளவுகோலைக் கணிப்பொறி நூல்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இயங்குதளமும் லினக்சும்

கணிப்பொறியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோர்க்கும் இடையே நின்று, நினைவகம், வட்டு, திரை, வலைப்பின்னல் ஆகிய அனைத்தையும் ஆளும் மென்பொருளே இயங்குதளம் எனப்படும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். யுனிக்சைப் போன்றதும் எல்லார்க்கும் உரிமையுடையதுமான ஓர் அமைப்பை ஆக்க, 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் கனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து அமைந்ததே இன்று நாம் லினக்ஸ் என்று பொதுவாக வழங்கும் இயங்குதளம்.

இதற்கும் தமிழகத்திற்கும் தொடர்பு உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற கணிப்பொறிகளில் விண்டோசுடன் இந்த பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. நம் மாணவர் பலர் வீட்டில் லினக்ஸ் இருந்தும் அதனைத் திறந்து பார்க்காமலே இருந்துவிட்டனர்!

சான்றிதழ் தரும் தேர்வுகள் பல. அவற்றுள் இரண்டு வகையை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1999-இல் தோன்றிய, கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட இலாப நோக்கற்ற அமைப்பாகிய லினக்ஸ் புரொபஷனல் இன்ஸ்டிட்யூட் நடத்தும் எல்பிஐசி-1 என்னும் தேர்வு. மற்றொன்று, ரெட் ஹாட் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ என்னும் தேர்வு.

முன்னது 101, 102 என இரு தாள்களை உடையது. ஒவ்வொரு தாளுக்கும் 60 வினாக்கள், 90 நிமிடங்கள். விடையைத் தெரிவு செய்யும் வினாக்களும், கட்டளையைத் தாமே எழுதி நிரப்பும் வினாக்களும் வரும். 200 முதல் 800 வரையிலான அளவில் 500 பெற்றால் தேர்ச்சி. பின்னது முற்றிலும் செய்முறைத் தேர்வு. உண்மையான கணிப்பொறி அமைப்பு ஒன்றைக் கொடுத்து, இன்னின்ன பணிகளைச் செய்து முடிக்க என்பர். 300-க்கு 210 மதிப்பெண் வேண்டும். தேர்வறையில் இணையம் கிடையாது. இவ்விரு தேர்வுகளின் இயல்பும் வேறு. ஆகவே இவற்றிற்கு வேண்டிய நூல்களும் வேறு.

பாடப்பொருளின் நால்வகை

தமிழ் நூல்களை மூலம் என்றும் உரை என்றும் பிரிக்கிறோம். உரையைக் காண்டிகையுரை, விருத்தியுரை எனப் பகுக்கிறோம். சான்றிதழ்த் தேர்வுக்கான பாடப்பொருளையும் இவ்வாறே பகுத்துக் காண்பது பயன் தரும்.

மூலம் என்பது தேர்வு நடத்தும் நிறுவனமே வெளியிடும் பாடத்திட்டம். எதை அறிந்திருக்க வேண்டும், எந்தக் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அது வரிசையாகக் கூறும். இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும். மாணவர் பெரும்பாலோர் இதனைப் பாராமலே நூல் வாங்கச் செல்கின்றனர். மூலத்தைப் பாராமல் உரையைப் படிப்பது போன்றது அது.

காண்டிகை என்பது சுருங்கிய குறிப்பு. தேர்வுக்கு முன் நினைவுபடுத்திக்கொள்ள உதவும் சிறு நூல்களும் கட்டளைப் பட்டியல்களும் இவ்வகையின. முன்பே கற்றவர்க்கு இவை பயன்படும். புதிதாகக் கற்பவர்க்கு விளங்கமாட்டா.

விருத்தி என்பது விரிவான பாடநூல். எல்பிஐசி-1 தேர்வுக்குக் கிறிஸ்டின் பிரெஸ்னகன், ரிச்சர்டு புளூம் ஆகியோர் எழுதி 2019-இல் ஐந்தாம் பதிப்பாக வெளிவந்த பெருநூல் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக்குச் சாண்டர் வான் வுக்ட் எழுதிய நூலைப் பலரும் பயன்படுத்துகின்றனர். தேர்வைச் சாராமல் பொருளை மட்டும் விளக்கும் நூல்களும் உண்டு. வில்லியம் ஷாட்ஸ் எழுதிய ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’ அத்தகையது. அச்சில் விலைக்குக் கிடைக்கும் இந்நூலை, ஆசிரியரே மின்னூலாக விலையின்றியும் தந்துள்ளார்.

நான்காவது, பயிற்சிக் களம். அதாவது, கட்டளைகளை இட்டுப் பார்ப்பதற்கான கணிப்பொறி. இதனைப் பலர் பாடப்பொருளாகவே கருதுவதில்லை. நீச்சல் கற்பவனுக்குக் குளம் எத்தகையதோ, இயங்குதளம் கற்பவனுக்கு இக்களம் அத்தகையது.

நூலைத் தேரும் முறை

1. எல்லை அறிதல்

நூலொன்றின் சிறப்புப் பாயிரம் கூறவேண்டியன எட்டு என்பது இலக்கண மரபு. ஆக்கியோன் யார், எந்த வழியில் ஆக்கினான், அதன் எல்லை யாது, கேட்போர் யார், பயன் யாது என்பன அவற்றுள் சில. கடையிலோ நூலகத்திலோ நூலை எடுத்தவுடன் முதல் பத்துப் பக்கங்களில் இவற்றைத் தேடுங்கள். இந்நூல் எந்தத் தேர்வுக்கு எழுதப்பட்டது, தேர்வின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது, வாசகர்க்கு முன்னறிவு எவ்வளவு வேண்டும் என்பன அங்கே தெளிவாக இருக்க வேண்டும். இல்லையேல் அதனை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

தேர்வுக் குறியீட்டு எண் இங்கு மிக முக்கியமானது. எல்பிஐசி-1 தேர்வில் 101-400 என்பது 2015-இல் வந்த நான்காம் பதிப்பைச் சுட்டும். 101-500 என்பது 2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பைச் சுட்டும். நான்காம் பதிப்பில் இருந்த வட்டு ஒதுக்கீட்டுப் பாடம் ஐந்தாம் பதிப்பில் நீக்கப்பட்டது. மெய்நிகர்க் கணிப்பொறியில் லினக்ஸ் இயங்கும் முறை புதிதாகச் சேர்க்கப்பட்டது. பழைய நூலைப் படித்தவர் தேவையற்றதைக் கற்பார், தேவையானதை விடுவார். தேர்வுக்குப் பணம் கட்டுமுன் அன்று நடைமுறையில் உள்ள எண் எது என்று நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்து, அதே எண் நூலின் அட்டையில் உள்ளதா என ஒப்பிட வேண்டும்.

2. காலம் அறிதல்

இலக்கண நூல் எழுநூறு ஆண்டு கழித்தும் பயன்படுகிறது. கணிப்பொறி நூலுக்கு அத்தகைய ஆயுள் இல்லை. ரெட் ஹாட் நிறுவனத்தின் இயங்குதளத்தில் ஏழாம் பதிப்பு 2014-இலும், எட்டாம் பதிப்பு 2019-இலும், ஒன்பதாம் பதிப்பு 2022-இலும், பத்தாம் பதிப்பு 2025-இலும் வந்தன. ஆறாம் பதிப்பு வரை சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் ‘சர்வீஸ்’, ‘செக்கான்ஃபிக்’ என்னும் கட்டளைகளைக் கற்பித்தனர். ஏழாம் பதிப்பில் ‘சிஸ்டம்டி’ என்னும் புதிய அமைப்பு வந்தது. கட்டளையும் ‘சிஸ்டம்சிடிஎல்’ என மாறிற்று. வலைப்பின்னலைக் காண ‘ஐஎஃப்கான்ஃபிக்’ என்று முன்னர் எழுதினர். பின்னர் ‘ஐபி’ என்னும் கட்டளை அதனிடத்தைப் பெற்றது.

எனவே பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்குவது பல நேரம் முழு இழப்பாக முடியும். நூலின் பிற்பகுதியிலுள்ள பொருளடைவில் ‘சிஸ்டம்சிடிஎல்’ என்னும் சொல் உண்டா என்று பாருங்கள். அது இல்லாத நூல் இன்றைய தேர்வுக்கு முதல் நூலாகாது.

பழைய நூல்கள் அனைத்தும் பயனற்றவை என்று கொள்ளவும் வேண்டா. நம் நாட்டுக் கல்லூரிகளில் பலரும் பயின்ற சுமிதாப தாஸ் எழுதிய யுனிக்ஸ் நூல், கோப்பு, உரிமை, குழாய்வழி இணைப்பு, ஷெல் நிரல் ஆகியவற்றின் அடிப்படையை மிகத் தெளிவாக விளக்குகிறது. அடிப்படைகள் மாறவில்லை. அவற்றைக் கற்க அந்நூலையும், ஆட்சிப் பகுதியைக் கற்கப் புதிய நூலையும் பயன்படுத்துதல் தகும்.

தேர்வே மறைந்துபோவதும் உண்டு. ஒரு காலத்தில் நகரத்துச் சுவர்களெல்லாம் விளம்பரம் நிறைந்திருந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எம்சிஎஸ்இ சான்றிதழ் 2021 ஜனவரி 31 அன்று நிறுத்தப்பட்டது. அதற்கான தடித்த நூல்கள் பல இன்றும் பழைய புத்தகக் கடைகளில் கிடக்கின்றன. மலிவு என்று மயங்கி அவற்றை வாங்கிவிடக்கூடாது.

3. விளக்கம் அறிதல்

நூலின் தரத்தை அறிய எளிய சோதனை ஒன்றைக் கூறுவேன். பாடத்திட்டத்திலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதனை இரண்டு மூன்று நூல்கள் எவ்வாறு விளக்குகின்றன என்று ஒப்பிட வேண்டும். செயல்களின் முன்னுரிமை என்னும் பகுதியை எடுத்துக்கொள்வோம். ‘நைஸ்’ என்னும் கட்டளை அதற்குரியது. அதன் மதிப்பு −20 முதல் 19 வரை அமையும்.

ஒரு நூல் இவ்வளவோடு நிறுத்தி, எண் குறைந்தால் முன்னுரிமை கூடும், மனப்பாடம் செய்க என்று கூறும். இது குன்றக் கூறல் என்னும் குற்றமாகும். எண் குறைந்தால் உரிமை ஏன் கூடுகிறது? மாணவன் இரண்டு நாளில் இதனைத் தலைகீழாக நினைவு கொள்வான்.

நல்ல நூல் பெயரிலிருந்தே தொடங்கும். ‘நைஸ்’ என்றால் இணக்கமுடையது என்று பொருள். ஒரு செயல் பிற செயல்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது. 19 உடைய செயல் பந்தியில் எல்லாரும் உண்டபின் உண்ணும் வீட்டுக்காரரைப் போன்றது. −20 உடைய செயல் எவர்க்கும் இடங்கொடாது முந்துவது. எனவேதான் சாதாரணப் பயனர் தம் செயலின் விட்டுக்கொடுக்கும் இயல்பைக் கூட்டலாம். பிறரை முந்தும் வண்ணம் குறைப்பதற்கு மேலாளருக்கே உரிமை உண்டு. காரணம் விளங்கிய பின் எண்ணை மறக்க இயலுமா? இவ்வாறு காரணம் காட்டி விளக்கும் நூலையே விருத்தி என்று ஏற்க வேண்டும்.

சில நூல்களில் மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் மிகுதி. லினக்சின் வரலாற்றுக்கு ஐம்பது பக்கமும் படங்களுக்கு நூறு பக்கமும் செலவிட்டு, தேர்வுக்குரிய பகுதியை விரைந்து கடக்கும். பக்க எண்ணிக்கையை நோக்கி நூலை மதிப்பிடுவது பிழை என்பதற்கு இவையே சான்று.

4. நிறை அறிதல்

எல்பிஐசி பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் நிறை என ஓர் எண் கொடுக்கப்பட்டிருக்கும். நிறை மிகுந்த பகுதியிலிருந்து மிகுதியான வினாக்கள் வரும். ஐந்தாம் பதிப்பில் முதல் தாளின் நான்கு பகுதிகளுக்கும் உரிய நிறை வருமாறு: கணிப்பொறி அமைப்பு 8, நிறுவுதலும் மென்பொருள் தொகுப்பு மேலாண்மையும் 12, கனூ, யுனிக்ஸ் கட்டளைகள் 26, சாதனங்களும் கோப்பு முறைமையும் 14. மொத்தம் 60.

கட்டளைகள் என்னும் ஒரு பகுதியே ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வருவதைக் காண்க. நூலின் பக்கங்களும் ஏறத்தாழ இவ்விகிதத்தில் அமைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். படிக்கும் காலத்தையும் இவ்வாறே பங்கிடலாம். நிறை ஒன்றுக்கு ஒரு நாள் எனக் கொண்டால் அறுபது நாளில் முதல் தாள் முடியும்: 8 நாள், 12 நாள், 26 நாள், 14 நாள். அதன்பின் மீள்பார்வைக்கு இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இத்தேர்வு டெபியன் குடும்பத்தின் மென்பொருள் தொகுப்பு முறையையும், ரெட் ஹாட் குடும்பத்தின் ஆர்பிஎம் முறையையும் கேட்கும். இரண்டிற்கும் நிறை மும்மூன்று. உபுண்டு ஒன்றையே கற்பிக்கும் நூல் இத்தேர்வுக்கு முழுமையாகாது.

5. செய்முறை அறிதல்

ஆர்எச்சிஎஸ்ஏ போன்ற தேர்வுக்கு நூலின் செய்முறைப் பகுதியே உயிர். கணிப்பொறியை நிறுத்தித் தொடங்கிய பின்னும் செய்த பணி நிலைத்திருக்க வேண்டும் என்பது அத்தேர்வின் விதி. ஒரு வட்டினை ‘மவுன்ட்’ என்னும் கட்டளையால் இணைத்தால் அது உடனே வேலை செய்யும். கணிப்பொறி மீண்டும் தொடங்கியதும் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமாயின் ‘எஃப்எஸ்டேப்’ என்னும் கோப்பில் அதனை எழுதவேண்டும். அக்கோப்பில் பிழை நேர்ந்தால் கணிப்பொறி தொடங்கும்போதே நின்றுவிடவும் கூடும். கட்டளையை மட்டும் சொல்லிவிட்டு இவ்விரண்டையும் சொல்லாத நூல் மாணவனைக் கைவிடும். ஒவ்வோர் இயலின் முடிவிலும் செய்ய வேண்டிய பயிற்சியும், சரியாக முடிந்ததா என்று தாமே சோதிக்கும் வழியும் தரப்பட்டிருக்க வேண்டும்.

பயிற்சிக் களம் அமைக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கணிப்பொறியில் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி, அதனுள் மெய்நிகர்க் கணிப்பொறி ஒன்றை உருவாக்கலாம். அதில் எது கெட்டாலும் வீட்டுக் கணிப்பொறிக்குத் தீங்கில்லை. ரெட் ஹாட் முறையைப் பழக முன்னர் சென்ட்ஓஎஸ் லினக்சைப் பயன்படுத்தினர். அதன் எட்டாம் பதிப்பு 2021 இறுதியிலும், ஏழாம் பதிப்பு 2024 ஜூனிலும் முடிவுற்றன. ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் ஆகியவை அதனிடத்தில் வந்துள்ளன. இவை விலையின்றிக் கிடைப்பன. நூல் சென்ட்ஓஎஸ் பற்றியே பேசினால், அது எந்த ஆண்டு நூல் என்று ஒருமுறை பார்த்துக்கொள்க.

விலையின்றிக் கிடைப்பன

பணம் இல்லாமையால் இத்தேர்வைக் கைவிட வேண்டியதில்லை. லினக்ஸ் புரொபஷனல் இன்ஸ்டிட்யூட் தன் தேர்வுகளுக்குரிய பாடங்களைத் தானே எழுதி இணையத்தில் வழங்குகிறது. இயங்குதளத்தினுள்ளேயே ‘மேன்’ என்னும் கையேடு உண்டு. எந்தக் கட்டளையின் பெயரையும் அதனுடன் இட்டால் அதன் முழு விளக்கமும் திரையில் தோன்றும். ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வறையில் துணையாகும் நூல் இதுவே. ஆகவே இதனைப் படித்துப் பழகுவதும் ஒரு பயிற்சியாகும்.

தமிழிலும் நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழ்க் குரலில் ஒளிப்படங்களாகத் தந்துள்ளது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் மின்னூல்களையும் எளிய தமிழில் வெளியிட்டுள்ளது. தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்த மாணவர்க்கு என் அறிவுரை இது: முதலில் தமிழில் கருத்தை விளங்கிக்கொள்ளுங்கள், அதன்பின் ஆங்கில நூலுக்குச் செல்லுங்கள். ஆங்கிலம் தடையாக நிற்பதற்குப் பல நேரங்களில் கருத்துத் தெளியாமையே காரணம். கருத்துத் தெளிந்தால் அந்த ஆங்கிலமும் எளிதாகும். கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழக வேண்டும். எழுத்து ஒன்று மாறினாலும் விடை தவறாகும்.

வினாவிடைத் தொகுப்புகள்

இங்கு ஒன்றை வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. தேர்வில் வந்த உண்மையான வினாக்கள் என்று சொல்லிச் சில தொகுப்புகள் விற்கப்படுகின்றன. மாணவர் வழக்கில் இவை ‘டம்ப்ஸ்’ எனப்படும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் அத்தகைய தொகுப்பின் ஒளிநகலை என்னிடம் காட்டினார். ஒரே வினா இரண்டிடத்தில் வந்திருந்தது. இரண்டிடத்திலும் விடை வெவ்வேறாக இருந்தது. கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் ஒருங்கே அமைந்த நூலை அன்றுதான் கண்டேன்.

விடை பிழை என்பது சிறு தீங்கு. பெருந்தீங்குகள் வேறு உள்ளன. வினாக்களை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டே ஒவ்வொருவரும் தேர்வு எழுதுகின்றனர். அந்த ஒப்பந்தத்தை மீறியவர் திரட்டியதே இத்தொகுப்பு. இதனைப் பயன்படுத்தியது தெரியவந்தால் பெற்ற சான்றிதழ் பறிபோகலாம். மீண்டும் எழுதத் தடையும் வரலாம். தெரியாமலே போனாலும், பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் மருத்துவமனை ஒன்றின் கணிப்பொறி நின்றுபோனால் மனப்பாடம் செய்த விடை அதனை இயக்காது. சான்று என்பது ஒருவர் தரும் வாக்குறுதி. அதனை நம்பி மற்றவர் தம் பொருளையும் சில நேரங்களில் உயிரையும் ஒப்படைக்கின்றனர். அது ஓர் அமானிதம் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியாயின் மாதிரி வினாக்களே கூடாதா? கூடும். நல்ல நூல்களின் இயல் முடிவில் நூலாசிரியரே எழுதிய மாதிரி வினாக்கள் இருக்கும். வேற்றுமை அறிவது எளிது. நல்ல தொகுப்பு சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் விளக்கும். விற்பனைத் தொகுப்பு எழுத்தை மட்டும் கொடுக்கும். ‘உண்மையான வினா, தேர்ச்சி உறுதி’ என்று அட்டையில் முழங்கும். அவ்வாறு முழங்குவதை விலக்குக.

கற்கும் முறை

நூலைத் தேர்ந்துவிட்டால் பணி முடிந்ததாகாது. ஆசிரியர் கூறியதை நன்கு கேட்டவன் கால் பங்கே பெறுவான்; உடன் பயில்வாரோடு பழகி ஒரு கால் பங்கு பெறுவான்; பிறர்க்கு எடுத்துரைத்து எஞ்சிய அரைப் பங்கையும் பெறுவான் என்பது நன்னூலார் கருத்து. இத்துறைக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். மூவர் அல்லது நால்வர் சேர்ந்து ஒரு விருத்தி நூலை வாங்கலாம். வாரந்தோறும் ஒருவர் ஒரு பகுதியை மற்றவர்க்குச் சொல்லிக் கொடுக்கலாம். விலையும் பங்காகும், அறிவும் பெருகும்.

நூல்கள் பலவற்றை வாங்கிக் குவிப்பதும் தவறே. மூலமாகப் பாடத்திட்டம் ஒன்று, விருத்தியாக நூல் ஒன்று, பயிற்சிக் களம் ஒன்று, இறுதி நாட்களுக்குக் காண்டிகை ஒன்று. இந்நான்கும் போதும். பாடத்திட்டத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, கணிப்பொறியில் செய்து பார்த்த பின்னரே ஒவ்வொரு வரியையும் அடித்துக்கொண்டு வர வேண்டும். படித்ததற்காக அடிக்கக் கூடாது. எல்லா வரிகளும் அடிபட்ட நாளே தேர்வுக்குப் பணம் கட்டும் நாள்.

முடிவுரை

தேர்வுக்குரிய மூலத்தை முதலில் காண்க. நூலின் எல்லையையும் காலத்தையும் ஒப்பிடுக. காரணம் காட்டி விளக்கும் நூலைக் கொள்க. பயிற்சி இல்லாத நூலைத் தள்ளுக. திருட்டு வினாத் தொகுப்பைத் தொடாதிருக்க. மாணவர்க்கு இக்கட்டுரை கூற விரும்புவது இவ்வளவே.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் ஊர்களில் ஜமாஅத்தாரும் கல்வி அறக்கட்டளைகளும் கல்லூரிக் கட்டணத்திற்கு மனமுவந்து உதவி வருகின்றனர். அந்த உதவியில் ஒரு சிறு பகுதியை ஊர் நூலகத்திற்கு ஒதுக்கி, இத்தகைய நூல் இரண்டையும் கணிப்பொறி இரண்டையும் வாங்கி வைத்தால், ஒருவர்க்குச் செய்யும் உதவி ஊரிலுள்ள பிள்ளைகள் பலர்க்கும் சென்று சேரும். நூல்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வாங்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மறவாது கணக்கில் கொள்க. கணிப்பொறிகளோ பழையனவாக இருந்தாலும் போதும். லினக்ஸ் அவற்றிலும் இயங்கும்.